ஊற்றுக்கண் திறந்த காடு

உழுது பயன்கொள்ள வேண்டிய நிலத்தைக் காடாக விடுவது அறியாமை என்று கூறுவார் உளர். சோறிடாத காட்டால் என்ன பயன் என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்குப் பிரேசில் நாட்டுப் பண்ணையொன்று விடை தந்திருக்கின்றது.

மினாசு செரைசு மாநிலத்தில், தோசே ஆற்றுப் பள்ளத்தாக்கில், அய்மோரேசு என்னும் ஊரை அடுத்துள்ளது அப்பண்ணை. 1944-இல் பிறந்தவரும், உலகறிந்த ஒளிப்படக் கலைஞருமாகிய செபாசுத்தியோ சல்காடோ சிறுவராய் ஓடியாடிய மண் அது. அந்நாளில் அதன் பாதிக்கு மேல் காடாயிருந்தது. பின்னர் மரங்களை வெட்டினர். வெட்டிய நிலத்தில் மாடுகளை மேயவிட்டனர். மண்ணைப் பற்றி நிறுத்த வேரின்மையால் மழைதோறும் மேல்மண் கரைந்தோடியது; ஊற்றுகள் வறண்டன. காடழித்துப் பெற்ற மேய்ச்சல்நிலம் இறுதியில் மாட்டுக்கும் உதவவில்லை. இயல்பு கெட்ட முல்லை பாலையாகும் என்று தமிழர் கண்ட உண்மை அங்கும் பொய்க்கவில்லை.

1994-இல் உருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையைப் படமெடுத்த சல்காடோ, உள்ளமும் உடலும் நொந்து திரும்பினார். பெற்றோரின் பண்ணை அவர் பொறுப்புக்கு வந்தது. காட்டை மீண்டும் நடுவோம் என்று முதலில் சொன்னவர் அவர்தம் துணைவியார் இலேலியா. கணவர் கற்றது பொருளியல். துணைவியார் கற்றது கட்டடக் கலை. காட்டியல் இருவர்க்கும் புதிது. ஆயினும் அறியாததை அறிந்தாரிடம் கேட்க அவர்கள் நாணவில்லை. 1998-இல் தெர்ரா நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1999-இல் நடவு தொடங்கிற்று. முதலில் நட்ட கன்றுகளில் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. மனந்தளராது மீண்டும் நட்டனர்.

விரைந்து வளரும் ஒரே மரத்தை வரிசையாக நட்டுவிட்டு அதற்குக் காடென்று பெயரிட அவர்கள் முற்படவில்லை. அம்மண்ணுக்கே உரிய அத்திலாந்தியக் காட்டின் மரங்களில் ஏறத்தாழ 290 வகைகளைத் தேர்ந்து நட்டனர். ஏறத்தாழ 1,500 ஏக்கர் பரப்பில் 20 இலக்கத்துக்கும் மேற்பட்ட மரங்கள் ஊன்றப்பட்டன. பறவையும் விலங்கும் அழைப்பாரின்றி வந்தன. வறண்ட ஊற்றுகள் மீண்டும் சுரந்தன.

ஊற்றினைப் போர்த்துக்கீசிய மொழியில் 'நீர்க்கண்' என்பர். தமிழிலோ அது ஊற்றுக்கண். அப்பெயராலேயே திட்டம் ஒன்று வகுத்து, அண்டை உழவர்தம் நிலத்து ஊற்றுகளைச் சுற்றி வேலியிட்டு மரம் நடவும் அந்நிறுவனம் துணைநிற்கின்றது. காட்டால் என்ன பயன் என்றார்க்கு இதுவே விடை. காடின்றேல் ஊற்றில்லை, ஊற்றின்றேல் உழவில்லை.

ஆயினும் தனியொருவர் அன்பு மட்டும் நிலத்தைக் காத்துவிடாது. 2015 நவம்பரில், ஆற்றின் மேற்பகுதியில் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்தது. உயிர்கள் பல மாண்டன. தோசே ஆறு கடல்வரை சேறாயிற்று. ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஊற்றுகளை மீட்க, ஒரு தொழிலின் பொறுப்பின்மை ஒரே நாளில் ஓர் ஆற்றையே கெடுத்தது. நடுவது குடிமக்கள் கடனாயின், கெடுப்பாரைத் தடுப்பது அரசின் கடன். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் பயனில்லை.

சல்காடோ 2025-இல் மறைந்தார். கன்றொன்றை நட்டு, அருகில் நின்று படமெடுத்துக்கொண்டு, மறுநாள் நீர்வார்க்க மறப்போர் எந்நாட்டிலும் உளர். படமெடுப்பதையே தொழிலாகக் கொண்ட அவரோ படத்துக்காக நடவில்லை. பாழ்நிலம் கண்டு பெருமூச்சு விடுவோர் அதனை எண்ணிப் பார்க்கட்டும். எண்ணியபின் மண்வெட்டியை எடுக்கட்டும்!