"கொடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க"

தூய்மைப் பணியாளருக்குக் கண்ணிலோ வாயிலோ காயம் என்று புகார் கொண்டு போனால், மேஸ்திரி முதல் அதிகாரி வரை ஒரே பதில்: "கண்ணாடி, மாஸ்க் எல்லாம் கொடுத்துட்டோம். அவங்கதான் போட மாட்டேங்கிறாங்க." காயம்பட்டவரையே குற்றவாளியாக்கும் வரி இது.

கொடுத்தது என்ன? சாக்கடைச் சகதி தெறித்ததும் நனைந்து மூச்சு முட்டும் துணி மாஸ்க். வியர்வையில் பனி மூடிக்கொள்ளும் மலிவுக் கண்ணாடி. குப்பையில் கிடக்கும் உடைந்த பாட்டில் தெரியாவிட்டால் கை கிழியும். கையைக் காப்பாற்றக் கண்ணாடியைக் கழற்றுகிறார். இதற்குப் பெயர் அலட்சியமா? பக்கவாட்டிலும் மூடிய, பனி படியாத கண்ணாடியும் முழு முகத்தை மறைக்கும் ஷீல்டும் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சரி, பட்டுவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? பிளீச்சிங் பவுடரோ சுண்ணாம்போ கண்ணில் விழுந்தால் தேய்க்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஓடவிட வேண்டும். காரம் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். ஒவ்வொரு நிமிடமும் பார்வைக்கான விலை. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. கண்ணாடிச் சில்லு குத்தி நின்றால் பிடுங்காமல், கழுவாமல், அழுத்தாமல் மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் முற்றிப்போகும்.

வாயில் சாக்கடை நீர் போனால் துப்பிவிட்டு, பலமுறை கொப்பளிக்க வேண்டும். மருத்துவக் கழிவின் ரத்தம் தெறித்திருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அடிபட்டுப் பல் முழுதாக விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு.

இத்தனைக்கும் முதல் தேவை தண்ணீர். குப்பை வண்டியில் ஒரு கேன் தண்ணீர் உண்டா? வீட்டு வாசலில் கேட்டால் டம்ளரைத் தொடவிடாமல் தூக்கி ஊற்றுகிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. 1927-ல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது இந்தக் கேள்விக்காகத்தான். எரியும் கண்ணைக் கழுவத் தண்ணீர் கிடைக்குமா என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஊரில், முதலுதவி வெறும் மருத்துவ விஷயமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைப் பணியில் ஊனமுற்றால் குறைந்தது 10 லட்சம், வேலை செய்ய முடியாத நிரந்தர ஊனமென்றால் குறைந்தது 20 லட்சம் இழப்பீடு என்றது. தெருவில் குப்பை அள்ளிக் கண்ணை இழந்தவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒரு கண் முற்றிலும் போனாலும் ஊனம் 30 சதவீதம்தான். மாற்றுத்திறனாளிக்கான இட ஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும்.

சலுகை கேட்கவில்லை, தோழர்களே. ஒவ்வொரு வண்டியிலும் 20 லிட்டர் சுத்தத் தண்ணீர். ஒப்பந்தப் பணியாளர் கையில் இ.எஸ்.ஐ. அட்டை. சம்பளத்துடன் முதலுதவிப் பயிற்சி. ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் காயப் பதிவேடு. பதிவேடு இல்லாததால்தான் சாவு மட்டும் செய்தியாகிறது. கண்கள் சத்தமில்லாமல் போகின்றன.

அடுத்த முறை "போட மாட்டேங்கிறாங்க" என்று ஒரு அதிகாரி சொன்னால், அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.