தபால் திணைக்களத்தைக் கேள்வி கேட்பது யார்?



ராகலையிலிருந்து உடப்புசல்லாவை வரை, கந்தப்பளையிலிருந்து ஹைபொரஸ்ட் வரை எந்தத் தோட்டத்து லயத்தில் கேட்டாலும் கடிதத்தைப் பற்றி ஒரே குறைதான் சொல்வார்கள். ஊரிலும் டவுனிலும் தபால்காரர் வாசலில் வந்து மணி அடிக்கிறார். நம் கடிதங்களோ பெரும்பாலான தோட்டங்களில் மொத்தமாகத் தோட்ட ஆபீசில் போய் இறங்குகின்றன. அங்கிருந்து டிவிசனுக்கும், டிவிசனிலிருந்து லயத்துக்கும் அவை எப்போது வரும், யார் கையில் வரும் என்பது அன்றன்றைய வசதியைப் பொறுத்தது. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, வங்கியின் நகை அடகு அறிவித்தல், சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் இந்த வழியாகத்தான் வரவேண்டும். ஒரு வாரம் பிந்தினால் பிள்ளையின் வேலை போகிறது. இரண்டு வாரம் பிந்தினால் அடகு வைத்த தாலிக்கொடி ஏலத்துக்குப் போகிறது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆபீசில் கேட்டால் தபால் நிலையத்தைக் காட்டுகிறார்கள். தபால் நிலையத்தில் கேட்டால், தோட்டத்தில் ஒப்படைத்ததோடு தங்கள் கடமை முடிந்தது என்கிறார்கள். அதற்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது நம் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி என்று சங்கம் கருதுகிறது.

இலங்கைத் தபால் சேவை ஒரு கூட்டுத்தாபனம் அல்ல, அரசாங்கத் திணைக்களம். அதன் அடிப்படைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1908இல் இயற்றப்பட்ட தபால் அலுவலகக் கட்டளைச் சட்டம். தலைமையில் தபால் மாஅதிபர், அவருக்கு மேலே அமைச்சின் செயலாளர், அமைச்சர், அமைச்சரவை. நிர்வாகத்தின் மேல் அமர்ந்து, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று மாதாமாதம் கேட்கும் பணிப்பாளர் சபை அங்கே இல்லை. கணக்காய்வாளர் நாயகம் கணக்குப் பார்க்கிறார். பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவான கோபா அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் செலவாகி முடிந்த பணத்தை. நாளைக்கு எடுக்கப் போகும் முடிவைப் பற்றிப் பேச, தபாலை நம்பி வாழ்பவனுக்கு எந்த இடமும் இல்லை.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு அண்மைக்கால உதாரணங்கள் மூன்று சொல்லலாம்.

2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்த காலம் அது. கடிதம் ஒன்று அனுப்ப, ஒரு நாள் உழைப்பில் இருபதில் ஒரு பங்கு. பொருளாதார நெருக்கடியில் செலவு கூடியது உண்மை. ஆனால் இந்தச் சுமையை யார் தாங்குவார்கள் என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது நமது மாவட்டத்திலேயே நடந்தது. நுவரெலியா டவுனில் 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபால் நிலையத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அதை ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்க முந்தைய அரசாங்கம் முயன்றது. 2023 நவம்பரில் தபால் தொழிற்சங்கங்கள் அதற்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கின. பொதுச்சொத்தின் தலைவிதியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, மேசையில் எழாமல் தெருவில் எழுந்தது.

மூன்றாவது, 2025 ஆகஸ்டில் 19 கோரிக்கைகளுடன் நடந்த தபால் வேலைநிறுத்தம். கைவிரல் அடையாள இயந்திரமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் அதில் பெரிய பிரச்சினைகளாயின. வரவைப் பதிவு செய்வது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். பிரட்டுக்கு நேரத்துக்கு வராவிட்டால் அரைப் பேர் போடப்படும் நமக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஊழியரையும் நிர்வாகத்தையும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசும் நிரந்தர மேசை ஒன்று இருந்திருந்தால், ஒரு வாரம் நாடு முழுவதும் கடிதம் தேங்கியிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தபாலைக் கூட்டுத்தாபனமாக்கி, பணிப்பாளர் சபை ஒன்றை நியமித்துவிட்டால் போதுமா? போதாது. பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே கிளைத் தபால் நிலையங்களை நடத்தும் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. அதற்குப் பணிப்பாளர் சபையும் இருந்தது. 1999 முதல் புஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை அங்கே புகுத்தப்பட்டது. கணினி காட்டிய கணக்கில் பணம் குறைந்தது. உப தபால் அதிபர்கள் திருடினார்கள் என்று நிறுவனமே வழக்குப் போட்டது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பலர் சிறை போனார்கள், வீட்டை விற்றார்கள். கணினியில்தான் கோளாறு என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்துச் செய்தது. இதனால் குறைந்தது 13 பேர் தம் உயிரை மாய்த்துக் கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது.

இத்தனை வருடங்கள் அந்தப் பணிப்பாளர் சபை என்ன செய்தது? நிர்வாகம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது. 2013 ஜூலையில் இந்த விடயம் சபைக்கு வந்த நாளில், நிறுவனத்தின் தலைமைச் சட்ட அதிகாரி அறைக்கு வெளியே காத்திருக்க வைக்கப்பட்டார். அவர் தயாரித்த அறிக்கையைத் தலைமை நிறைவேற்று அதிகாரியே உள்ளே முன்வைத்தார். உண்மை தெரிந்தவர் கதவுக்கு வெளியே, முடிவெடுப்பவர்கள் கதவுக்கு உள்ளே.

நமக்கு இன்னொரு பாடமும் அதில் உண்டு. உப தபால் அதிபர்களுக்கென்று ஒரு சம்மேளனம் இருந்தது. அது நிறுவனத்தின் பணத்தில் நடந்ததென்றும், சுயாதீனமானதல்ல என்றும் 2019 மார்ச் தீர்ப்பில் நீதிபதி குறிப்பிட்டார். பாதிக்கப்பட்டவர்களைக் காப்பாற்றியது அந்தச் சம்மேளனம் அல்ல. வேல்ஸில் ஒரு சிறிய தபால் நிலையம் நடத்திய அலன் பேட்ஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் தாங்களாகவே அமைப்பாகி, 555 பேராக நீதிமன்றம் போனதுதான் கதவைத் திறந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் இதை நன்றாக அறிவோம். தராசைப் பிடிப்பவரும் கணக்கை எழுதுபவரும் ஒருவரே என்றால், பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்க நம் ஆள் ஒருவர் வேண்டும். அவர் முள்ளைப் பார்க்காமல் கங்காணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதனாலும் பயனில்லை. பணிப்பாளர் சபை என்பதும் அந்த இடத்தில் நிற்கும் ஆள்தான். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசாங்கம், கம்பெனிகள் ஆகியவற்றோடு தொழிற்சங்கங்களுக்கும் இடம் இருக்கிறது. அங்கே உட்காருபவர்களையும் இதே அளவுகோலால்தான் தொழிலாளர்கள் அளக்க வேண்டும்: என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது, அதைத் தோட்டத்துக்கு வந்து சொன்னார்களா?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. தபால் சேவையை மறுசீரமைக்கும் எந்தத் திட்டமாக இருந்தாலும், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் சபை ஒன்று சட்டப்படி அமைய வேண்டும். அதில் தபால் ஊழியர்களுக்கும், பெருந்தோட்ட மக்கள் உட்பட தபாலைப் பயன்படுத்துபவர்களுக்கும் இடம் வேண்டும். சபையின் கூட்டக் குறிப்புகள் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். சேவையை விற்பதற்கான முதல் படியாகச் சபை அமைப்பதை நாம் ஏற்கமாட்டோம். தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுத்து, கடிதத்தை வீட்டு வாசலில் ஒப்படைக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தபால் திணைக்களத்திடம் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவைப் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், இறுதியில் ஆணைக்குழு வரை போகலாம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், மாதர் சங்கத் தலைவிமாரும் சேர்ந்து இரண்டு வேலைகளைத் தொடங்க வேண்டும். பிந்தி வந்த கடிதங்களின் உறைகளை எறியாமல், தபால் முத்திரையின் திகதியையும் கையில் கிடைத்த திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு, "எங்கள் தோட்டத்துக்குக் கடிதம் விநியோகிக்கும் ஒழுங்கு என்ன, அதற்குப் பொறுப்பான அதிகாரி யார், வீட்டுக்கு வீடு விநியோகிக்கத் திட்டம் உண்டா?" என்ற மூன்று கேள்விகளைத் திணைக்களத்துக்கு எழுதி அனுப்புங்கள். எழுத உதவி தேவைப்பட்டால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். கொப்பிகள் சேர்ந்ததும் அவற்றைத் திணைக்களத்திடமும், நமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் சங்கம் கையளிக்கும்.