உலகம் சுற்றுவோம்: அருவியைக் காத்த பெண்

குளியலறையில் வெந்நீருக்குக் 'கெய்சர்' வைத்திருக்கிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியிருக்கும் ஐஸ்லாந்து தீவிலிருந்து! பெயரில்தான் பனி, பூமிக்கு அடியில் இருப்பதோ நெருப்பு. எரிமலைகள் நிறைந்த அந்தத் தீவை இன்று ஒரு நாள் சுற்றி வருவோமா?

தலைநகர் ரேக்யவிக்கில் காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். முதலில் திங்வெட்லிர். பூமியின் மேலோட்டில் இரண்டு பெரிய தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடம் இது. வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர்தான் விலகல். ஆனால் அதனால் உண்டான பாறைப் பிளவுக்குள் நாம் நடந்தே போகலாம். கி.பி. 930-ல் அந்நாட்டு மக்கள் சபை முதன்முதலாகக் கூடியதும் இங்கேதான்.

வழியில் லோய்கர்வாத்ன் என்ற ஏரி. இங்கே ரொட்டி சுட அடுப்பே வேண்டாம்! 'ரை' என்ற தானியத்தின் மாவைப் பாத்திரத்தில் போட்டு இறுக மூடி, ஏரிக்கரையின் கொதிமணலில் புதைத்துவிடுகிறார்கள். 24 மணி நேரம் கழித்துத் தோண்டி எடுத்தால், லேசான தித்திப்போடு ரொட்டி தயார். சுடச்சுட வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். விறகுச் செலவும் இல்லை, புகையும் இல்லை!

அடுத்தது கெய்சிர். நம் வீட்டுக் கெய்சருக்குப் பெயர் கொடுத்த ஊற்று இதுதான். இப்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் பக்கத்திலுள்ள ஸ்ட்ரோக்கூர் சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் 15, 20 மீட்டர் உயரத்துக்கு வெந்நீரைப் பீய்ச்சுகிறது. அடியில் காய்ந்த நீர், மேலேயுள்ள நீரின் பாரத்தால் அடங்கிக் கிடந்து, சட்டென்று ஆவியாகிக் கிளம்புகிறது. பிரஷர் குக்கர் மாதிரிதான்! குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கே ஓடும் சிறு ஓடைகூடத் தோலை வேகவைத்துவிடும்; கயிற்றைத் தாண்டவே கூடாது.

கடைசியாக குட்ல்ஃபாஸ் அருவி. 11 மீட்டர், 21 மீட்டர் என்று இரண்டு படிகளாக விழுகிறது. வெயில் நாளில் சாரலில் வானவில் தெரியும். அடேயப்பா, என்ன அழகு! ஆனால் இந்த அருவி இன்று இருப்பதே ஒரு பெண்ணின் பிடிவாதத்தால்தான்.

அவர் பெயர் சிக்ரிதூர் தோமஸ்தோத்திர். 1871-ல் பக்கத்துப் பண்ணைவீட்டில் பிறந்தவர். சகோதரிகளோடு சேர்ந்து அருவிக்குப் பாதை போட்டு, வந்தவர்களுக்கு வழிகாட்டியவர். மின்சாரத்துக்காக அருவியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அணை கட்டப் பார்த்தபோது, வழக்குப் போட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தலைநகருக்கு நடந்தே போனார். "அணை கட்டினால் அருவியிலேயே குதிப்பேன்" என்று மிரட்டினாராம்! வழக்கு கைகொடுக்கவில்லை. ஆனால் குத்தகைப் பணம் கட்டாததால் 1929-ல் ஒப்பந்தம் ரத்தாயிற்று, அணை வரவில்லை. அவருக்காக வாதாடிய வக்கீல் ஸ்வெய்ன் பியர்ன்சன், 1944-ல் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியானார். சிக்ரிதூர் 1957-ல் காலமானார். 1979-ல் அருவி இயற்கைக் காப்பிடமாயிற்று.

போக நினைப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஏற்ற காலம். ஜூனில் அங்கே இரவிலும் வெளிச்சம்தான். கோடையானாலும் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் மறக்காதீர்கள். அருவிக்கரையில் சிக்ரிதூருக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.