ஜிப்சிக்கு வயசாச்சாம்!

பி.காம் முதல் வருஷத்துலயே தேய்மானம் சொல்லிக் கொடுத்துடுவாங்க. ஒரு லட்ச ரூபாய் காரை குறைந்து செல் இருப்பு முறையில வருஷத்துக்கு 15 சதவீதம் கழிச்சுக்கிட்டே வந்தா, 15 வருஷம் கழிச்சு ஏட்டுல சுமார் 8,700 ரூபாய் நிக்கும். பூஜ்யம் ஆகாது. ஆனா தில்லியில பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்ச மறுநாள் மதிப்பு பூஜ்யம். டீசல்னா 10 வருஷத்துலயே முடிஞ்சது கதை.

என்னோடது மாருதி ஜிப்சி, 2009 நவம்பர்ல வாங்கினது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வச்சுக்கிட்டு கரோல்பாக் டிராஃபிக்ல என்ன பண்றீங்கன்னு கேக்காதீங்க, வீட்டம்மா ஏற்கனவே கேட்டாச்சு. வருஷம் ரெண்டு தடவை உத்தராகண்ட் மலைக்குப் போவோம். மத்தபடி ஞாயித்துக்கிழமை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டாது.

இந்த மாதிரி வண்டியை நல்லபடியா வச்சுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை. முன் ஆக்சில் முட்டியில ஆயில் சீல் கசியும். கசிஞ்ச எண்ணெய் பிரேக் பக்கம் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. கிராஸ் ஜாயிண்டுக்கு கிரீஸ் அடிக்கலைன்னா அம்பது கிலோமீட்டர் வேகத்துலயே டொக் டொக்னு சத்தம். பட்டை செட் புஷ் தேய்ஞ்சா ஸ்டியரிங் ஆடும். டை ராடு எண்டு, சேஸிஸ் துரு, மாசம் ஒரு தடவையாவது ஃபோர் வீல் போட்டு ஓட்டறதுன்னு பட்டியல் நீளும். காஷ்மீரி கேட் ஸ்பேர் பார்ட்ஸ் சந்துல நான் அலைஞ்ச அலைச்சலுக்கு கடைக்காரங்க எனக்கு சாய் வாங்கிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 15 வருஷத்துல ஒரு தடவைகூட புகை சோதனையில தோத்தது இல்லை.

இப்போ என் கேள்விக்கு வரேன். இந்த 15 வருஷத்துல என் பிரேக்கை அரசாங்கம் எத்தனை தடவை பார்த்தது? ஒரு தடவைகூட இல்லை! லாரிக்கும் பஸ்சுக்கும் முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அப்புறம் வருஷா வருஷம். சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம் ஒண்ணுமே கிடையாது. இங்கிலாந்துல இருக்கிற உங்க சித்தப்பா பையனைக் கேளுங்க. கார் வாங்கி மூணு வருஷம் ஆனதும் வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனை. பிரேக், டயர், ஸ்டியரிங், புகை எல்லாம் பார்ப்பாங்க. தேறினா எத்தனை வயசானாலும் ஓட்டலாம். இங்கே நாலு வருஷக் கார் மொட்டை டயரோட ரிங் ரோட்ல பறக்குது, யாரும் கேக்கறதில்லை.

சரி, புகை சோதனையாவது ஒழுங்கா? 2025 ஏப்ரல்ல தில்லி சட்டசபையில வச்ச சி.ஏ.ஜி. அறிக்கையைப் பாருங்க. அளவுக்கு மேல புகை விட்ட 1.08 லட்சம் வண்டிங்களுக்கு சர்டிஃபிகேட் கொடுத்திருக்காங்க. கருவியே சொல்ற எண்ணை மதிக்காதவங்க, ஆர்.சி. புக்ல இருக்கிற தேதியை மட்டும் வேதவாக்கா எடுத்துக்கறாங்க.

தில்லிக் காத்து மோசம் இல்லைன்னு நான் சொல்லலை. தீபாவளி தாண்டினா என் பொண்ணு ராத்திரி இருமறதை நானும் கேட்டுக்கிட்டுதான் படுத்திருக்கேன். பி.எஸ். 3 வண்டியைவிட பி.எஸ். 6 வண்டி சுத்தம், ஒத்துக்கறேன். ஆனா புகை வயசைப் பொறுத்தது மட்டும் இல்லையே, எவ்வளவு தூரம் ஓடுதுங்கறதும் கணக்குதானே? வருஷத்துக்கு நாலாயிரம் ஓடற வண்டியும் நாப்பதாயிரம் ஓடற வண்டியும் ஒண்ணா? வருஷா வருஷம் கடுமையா சோதனை பண்ணுங்க, பழைய வண்டிக்கு கட்டணம் மூணு மடங்கு வாங்குங்க, தேறலைன்னா நானே மாயாபுரிக்குத் தள்ளிக்கிட்டுப் போறேன். இதுக்கு உழைப்பும் நேர்மையும் வேணும். தேதி பார்க்க ரெண்டும் வேண்டாம்.

பசுமைத் தீர்ப்பாயம் 2014லயும் 2015லயும் சொன்னதை சுப்ரீம் கோர்ட் 2018ல உறுதி பண்ணிச்சு. 2025 ஜூலை 1ல இருந்து பழைய வண்டிக்கு பெட்ரோலே கிடையாதுன்னு பங்க்ல கேமரா வச்சாங்க, ஜனங்க கத்தின கத்தில ஒரே வாரத்துல பின்வாங்கினாங்க. ஆகஸ்ட் 12ல வயசை மட்டும் வச்சு நடவடிக்கை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும் வீட்ல கேசரி பண்ணினோம். டிசம்பர் 17ல அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4க்கும் அதுக்கு மேலயும்தான்னு மாத்திட்டாங்க. தில்லிக்கு பி.எஸ். 4 வந்தது 2010 ஏப்ரல். நான் அஞ்சு மாசம் பொறுத்திருக்கணும்!

இப்போ தடையில்லாச் சான்று வாங்கியாச்சு. தேனியில மச்சினன் எடுத்துக்கறான். அங்கே ஆர்.டி.ஓ. வண்டியைப் பார்த்து, தேறினா அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சுக் கொடுப்பார். தில்லி மூச்சுக்கு ஆகாத புகை தேனி மூச்சுக்கு மட்டும் எப்படி ஆகும்னு மச்சினனே கேட்டான். பதில் தெரியலைடான்னேன். ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, ஆர்.சி. காலாவதி. அடுத்த வாரம் லாரியில ஏத்தறேன். முன் சீல் ரெண்டும் புதுசா மாத்தி, கிரீஸ் அடிச்சு வச்சிருக்கேன்.