ஸ்கேனர் செத்துப்போச்சுன்னு யாருய்யா சொன்னது?

மக்களே, இது ஒரு வயித்தெரிச்சல் பதிவு.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சதுல, புதுக் கணினி வாங்கி 11-க்கு மாறினேன். பதினெட்டு வருஷமா உழைச்ச ஸ்கேனர் அன்னிக்கே ஊமையாயிடுச்சு. தயாரிச்ச கம்பெனியைக் கேட்டா, புது மாடல் வாங்கிக்கோங்கன்னு பதில்!

கண்ணாடி, விளக்கு, மோட்டார் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அவங்க கொடுத்த டிரைவர்தான் 32 பிட். விண்டோஸ் 11-ல 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் கர்னல் 32 பிட் டிரைவரை உள்ளயே விடாது. 2007-ல விஸ்டா வந்தப்பவே 64 பிட்டுக்கு எழுதியிருக்கலாம். ஏன் எழுதலை? டிரைவர் எழுதினா காசு வராது, புது ஸ்கேனர் வித்தா வரும்.

இதுக்கு நடுவுல 'டிரைவர் அப்டேட்டர்' விக்கிற கூட்டம் வேற. நாப்பது டிரைவர் பழசுன்னு சிவப்புல பயமுறுத்திட்டு காசு கேப்பான். ஒழுங்கா ஓடுறதை எதுக்குய்யா மாத்தணும்? மாறுறதுக்கு முன்னாடி நெட்வொர்க் டிரைவரை மட்டும் மறக்காம பென் டிரைவ்ல போட்டு வைங்க. அது இல்லாட்டி மத்ததைத் தேட இணையமே வராது (சொந்த அனுபவம், ஹி ஹி).

கடைசியில பழைய கணினியில லினக்ஸ் போட்டேன். அதுல 'ஸேன்'னு ஒண்ணு இருக்கு. வயரைச் சொருகினதும் ஸ்கேனர் உர்ருன்னு நகர்ந்துச்சு பாருங்க! யாரோ தன்னார்வலர்களால முடியுது, வித்துக் காசு பாத்தவங்களால முடியாதாம். ஆதரவை நிறுத்தணுமா, நிறுத்திக்கோ. அந்தக் கருவியோட எப்படிப் பேசணுங்கிற விவரத்தையாவது வெளியிட்டுட்டுப் போயேன்!

அப்பா எழுதின கடுதாசி இன்னும் இருநூறு பாக்கி கிடக்கு. வரட்டா.