பழவேற்காட்டு ஏரிக்கு ஃபில்டர் எங்க இருக்கு?

நியூஜெர்சியில இருக்கற நண்பன் ஒருத்தன் மே மாசம் வந்தா தவறாம ஃபோட்டோ அனுப்புவான். வீட்டுக்குப் பின்னாடி, தரைக்கு மேல தகரச் சுவர் நிறுத்தி உள்ள பிளாஸ்டிக் விரிப்பு போட்ட நீச்சல் தொட்டி. குளிர்காலம் பூரா மூடிக் கெடந்ததைத் திறந்து, அழுகின இலை, பாசி, செத்த தவளைன்னு வலையால வழிச்சுப் போடறான். குளிக்கப் போறதே மூணு மாசம், அதுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுக் கழுவணுமாடான்னு கேட்டேன். "இலை அள்றதெல்லாம் சும்மா மச்சி, பம்ப்பும் ஃபில்டரும் ஓடலைன்னா நாலே நாள்ல தண்ணி பச்சையாயிடும்"ன்னான்.

இது பழவேற்காடு ஏரிக்கும் அப்படியே பொருந்தும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவுல, கொஞ்சம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. லீவு நாள்ல நம்மாளுங்க கையுறை மாட்டிக்கிட்டு கரையில பாலிதீன் பை பொறுக்கறாங்க. நல்ல விஷயம், நக்கல் அடிக்கலை. ஆனா ஏரிக்கு பம்ப், ஃபில்டர் ரெண்டுமே முகத்துவாரம்தான். கடல் தண்ணி உள்ள வந்து போனாத்தான் ஏரி உசுரோட இருக்கும். அதை மணல் வந்து அடைச்சுக்குது.

அடைச்சா என்ன ஆகும்? இறால் கடல்ல முட்டை போடும், குஞ்சு ஏரிக்குள்ள வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். கதவு சாத்தியிருந்தா குஞ்சு எப்படி வரும்? வெயில்ல தண்ணி வத்தி உப்பு ஏறும். கடலுக்குப் போற ஃபைபர் படகு மணல்திட்டுல தட்டிக் கவிழும். பாடு முறைன்னு முறை வச்சு ஏரியைப் பங்கு போட்டு வலை கட்டற ஊர்கள் இது. மீனே உள்ள வரலைன்னா எதைப் பங்கு போடறது?

மழை வெள்ளம் வந்து தானா உடைச்சுவிடும், இயற்கையை விடுங்கப்பான்னு சிலர் சொல்றாங்க. வெள்ளம் வர்றது ஐப்பசி, கார்த்திகையில. மணல் மூடறது அதுக்கப்புறம், கோடையில. அதுவும் ஆரணியாத்துக்கு மேல பிச்சாட்டூர்ல அணை கட்டியாச்சு. பழைய வேகத்தை எதிர்பார்க்க முடியுமா? அதனால பல தடவை குப்பத்துக்காரங்களே வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு, மெஷின் பிடிச்சு மணல் அள்ளியிருக்காங்க. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு மீனவன் டீசல் காசு கொடுக்கறான். எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான்.

முகத்துவாரத்தை நிரந்தரமா வைக்க சுமார் 27 கோடி ரூபாய்ல ரெண்டு பக்கமும் கல்சுவர்னு திட்டம் போட்டாங்க. பறவைகள் சரணாலயம்ங்கறதால அனுமதி வாங்கறதுலயே வருஷங்கள் ஓடிச்சு. சுவர் வேண்டாம்னு சொல்லலை. சுவர் கட்டினா வேலை முடிஞ்சுதுங்கற நினைப்புதான் பயமா இருக்கு. நம்ம கடற்கரையில வருஷத்துல பாதிக்கு மேல மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டினதுல தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்னுச்சு. மணல் எங்கேயும் போயிடாது, இடம் மாறும். சாஃப்ட்வேர்ல ரிலீஸ் ஆனதோட டீமைக் கலைச்சுட்டா என்ன ஆகும்னு நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியும் :-)

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள்னு முன்கூட்டியே தேதி குறிச்சு வச்சிருக்காங்க. அதே மாதிரி பழவேற்காட்டுல மணல் அள்றதுக்கும் வருஷா வருஷம் ஒரு தேதியும், பட்ஜெட்ல ஒரு வரியும் வேணும். மனு, மறியல், அப்புறம் ஆய்வுன்னு போகாம, அடைக்கறதுக்கு முன்னாடியே மெஷின் வந்து நிக்கணும். அள்ளின மணலைத் திரும்ப வாயிலயே கொட்டாம, அரிப்பு எடுக்கற கரையில போடணும்.

கல்லே போதும்னு நினைக்கற சிவில் இன்ஜினியர் நண்பர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா சண்டை போடலாம்.