யானிக் கெர்ஸ் உபரியா?

பெங்களூரு மெட்டல் ரசிகர்கள் எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பலருக்கும் அபார ஒற்றுமை: அயர்ன் மெய்டனின் மூன்று கிடார்காரர்களில் யானிக் கெர்ஸ் உபரி. கிடாரைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், சுழற்றுவார், ஸ்பீக்கர் மேல் காலைத் தூக்கி வைப்பார். நிஜமாக வாசிப்பது டேவ் மர்ரேயும் ஏட்ரியன் ஸ்மித்தும்தான் என்பார்கள். 2007 மார்ச் 17 அன்று அரண்மனை மைதானத்தில் மெய்டன் முதன்முறையாக இந்தியாவில் வாசித்தபோது இந்த வசைக்கு நேரடி சாட்சிகளும் கிடைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய் வந்தவர்கள் இங்கேயும் அதைப் பரப்பினார்கள்.

பாட்டைக் கண்ணால் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்த வழக்குக்கு மேடைச் சாட்சியம் வேண்டாம். மெய்டனின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் 1990 மே மாதம் வெளியிட்ட முதல் தனி ஆல்பம் 'டாட்டூட் மில்லியனேர்' போதும். அதில் கிடார் கெர்ஸ் ஒருவரே. மர்ரே இல்லை, ஸ்மித் இல்லை, யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. பாடல்களில் பெரும்பாலானவற்றை டிக்கின்சனோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. மெட்டல் என்று எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அது எழுபதுகளின் ஹார்ட் ராக் வாசனை அடிக்கும் ஆல்பம். கெர்ஸ் கிடார்காரர் ரிச்சி பிளாக்மோர் வழியில் வந்தவர், பாடகர் இயன் கில்லனின் குழுவில் வாசித்தவர். அந்த ஊற்று இல்லாமல் இந்த ஆல்பத்துக்கு இந்தக் குணம் வந்திருக்காது. உறையில் பாடகர் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கிடார்காரரைக் கூலிக்கு வந்தவராக்கிவிடுகிறோம். நமக்கு இது புதிதா? 'இளைய நிலா'வை எஸ்.பி.பி. பாட்டு என்று தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு, அதில் கிடார் வாசித்த ஆர். சந்திரசேகரைத் தெரியும்?

டிக்கின்சனின் அந்தத் தனி ஆல்பத்தின் விதையே அவரும் கெர்ஸும் சேர்ந்து போட்டதுதான். 1989இல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' பட வரிசையின் ஐந்தாம் படத்துக்கு ஒரு பாட்டு கேட்டார்கள். டிக்கின்சன் கெர்ஸை அழைத்துக்கொண்டு 'பிரிங் யுவர் டாட்டர் டு தி ஸ்லாட்டர்' பாட்டைப் பதிவு செய்தார். படத்துக்காக அது கோல்டன் ராஸ்பெர்ரியின் மோசமான பாடல் விருதை வாங்கியது, பரிதாபம். ஆனால் பாட்டைக் கேட்ட மெய்டன் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸ் மெய்டனுக்கே வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். மெய்டன் அதைப் புதிதாகப் பதிவு செய்ய, 1991 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இத்தனை வருடத்தில் அங்கே முதலிடம் கண்ட ஒரே மெய்டன் சிங்கிள் அதுதான். மெய்டன் பதிப்பில் கிடார் வாசித்தவர்களில் ஒருவர், அதற்குள் ஸ்மித்தின் இடத்துக்கு வந்திருந்த நம்முடைய 'உபரி'.

அடுத்த குற்றச்சாட்டு: கெர்ஸ் வந்த பிறகு மெய்டனின் ஓசை மெலிந்துபோனது. அவர் வாசித்த முதல் மெய்டன் ஆல்பமான 'நோ பிரேயர் ஃபார் தி டையிங்' மெலிந்ததுதான், மறுக்கவில்லை. அதை எங்கே பதிவு செய்தார்கள்? எசெக்ஸில் ஹாரிஸுக்குச் சொந்தமான கொட்டகையில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோவை நிறுத்தி வைத்து. முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று திட்டமிட்டே செய்தது அது. அந்தத் திசை பிடிக்காமல்தான் ஸ்மித் விலகினார். கொட்டகையின் எதிரொலியைப் புது ஆள் தலையில் கட்டுவது அநியாயம்.

ஸ்மித்துக்கென்று அமைந்த சோலோக்களை கெர்ஸ் மேடையில் வாசிக்கும்போது நுனிகள் பிசிறும். அதற்காகத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1999இல் ஸ்மித் திரும்பி வந்தபோது ஹாரிஸ் கெர்ஸை அனுப்பிவிடவில்லை. இரண்டு கிடார்கள் மேலே இணைந்து மெட்டை வாசிக்கும்போது கீழே ரிதத்தைத் தாங்க இன்னொரு கை மிஞ்சுகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர் ஹாரிஸோடு சேர்ந்து எழுதிய நீளப் பாடல்கள்: 'டான்ஸ் ஆஃப் டெத்', 'தி டாலிஸ்மன்', 'தி புக் ஆஃப் சோல்ஸ்'. மூன்றும் எட்டு நிமிடத்தைத் தாண்டும். அவர் வேண்டாம் என்பவர்கள் தங்கள் ஃபோனிலிருந்து முதலில் இந்த மூன்றையும் அழித்துவிட்டு வரட்டும், பேசலாம்.